முதுகில் சுமந்தவர்கள்



வட வேல்ஸில், டீ ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஹோலிவெல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கிணற்றைச் சுற்றி எழுந்த ஊர். பெயரும் கிணற்றால் வந்ததுதான். உறை இறக்கி, கைப்பிடிச் சுவர் கட்டி, ராட்டினம் மாட்டிய கிணறு என்று நினைத்துவிடாதீர்கள். பாறைக்கு அடியிலிருந்து பொங்கி வந்த ஊற்று அது. அதைச் சுற்றி நட்சத்திர வடிவில் ஒரு கல் தொட்டி. தொட்டியின் முனைகளிலிருந்து தூண்கள் எழும்பி, மேலே கிளை கிளையாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கூரையாக நிற்கின்றன. அந்த மண்டபத்துக் கல்லில் மரங்களும் விலங்குகளும் புனித வினிஃப்ரெட்டின் வாழ்க்கைக் காட்சிகளும் உண்டு. அவற்றுக்கிடையே ஒரு சிறு சிற்பம்: ஓர் ஆள் இன்னோர் ஆளை முதுகில் சுமந்துகொண்டு வருகிறான். சுமப்பவன் முன்னால் குனிந்திருக்கிறான். சுமக்கப்படுபவன் அவன் தோளைப் பற்றியிருக்கிறான்.

இந்த மாத இதழ் மருத்துவச் சிறப்பிதழ். மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், செவிலியர் எழுதியிருக்கிறார்கள், நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பக்கங்களையும் அச்சுக்கு அனுப்புமுன் மொத்தமாகப் படித்துப் பார்த்தபோது, ஓர் ஆள் மட்டும் எதிலும் தலைகாட்டவில்லை என்று தோன்றியது. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர். ஓபி சீட்டு வாங்க வரிசையில் நின்றவர், ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைந்தவர், வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியவர். ஹோலிவெல் சிற்பி மறக்காத அந்த ஆளை நாங்கள் மறந்திருந்தோம். இந்தப் பக்கத்தை அவருக்காக எழுதுகிறேன். கிணற்றின் கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகக் கேளுங்கள்.

ஏழாம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. வினிஃப்ரெட் பிரபு குலத்துப் பெண். துறவியாக வேண்டும் என்பது அவள் விருப்பம். கரடோக் என்ற தலைவன் மகன் அவளை அடைய முயல்கிறான். அவள் மறுத்து, தாய்மாமன் பியூனோ கட்டியிருந்த கோயிலை நோக்கி ஓடுகிறாள். விரட்டிவந்த கரடோக் வாளை வீசுகிறான். தலை சரிவில் உருண்டு விழுகிறது. விழுந்த இடத்தில் ஊற்று பீறிடுகிறது. கோயிலிலிருந்து வந்த பியூனோ தலையை எடுத்து உடலோடு பொருத்தி மன்றாட, வினிஃப்ரெட் உயிர்பெற்று எழுகிறாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தழும்பு மட்டும் கடைசிவரை இருந்ததாம். பின்னாளில் குவிதெரின் என்ற ஊரில் துறவு மடத்தின் தலைவியாக இருந்து அங்கேயே இறந்தாள்.

தன் இசைவில்லாமல் தன்னைத் தொட முடியாது என்று சொன்ன ஒரு பெண்ணின் கதை இது. கதையைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அற்புதத்தைவிட அந்த மறுப்புதான் பெரிதாகத் தெரிகிறது. வெட்டியவனின் பெயர் கதையில் ஓர் ஓரமாகக் கிடக்கிறது. வெட்டுப்பட்டவள் பெயரில் ஒரு திருத்தலம் நிற்கிறது.

பியூனோ அந்த ஊரைவிட்டுப் போகுமுன் ஊற்றருகே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து மருமகளிடம் சொன்னதாக ஒரு சேதி உண்டு: இந்த இடத்தில் உன் பெயரைச் சொல்லி மும்முறை வேண்டுகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார். அதனால்தான் இன்றைக்கும் அங்கே குளிக்க வருகிறவர்கள், மண்டபத்துக்கு உள்ளே இருக்கும் குறுகிய கல் தொட்டியில் ஒரு பக்கப் படி வழியே இறங்கி மறுபக்கம் ஏறுகிறார்கள். மூன்று தடவை. செபம் சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். பிறகு வெளியே உள்ள பெரிய குளத்தில், நீருக்குள் கிடக்கும் பியூனோ கல்லின்மேல் முழங்காலிட்டு வேண்டுதலை முடிப்பார்கள். நல்ல கோடையிலும் பல் கிட்டும் தண்ணீர்.

கதையிலிருந்து ஆவணங்களுக்கு வருவோம். 1093ஆம் ஆண்டின் ஒரு தானப் பத்திரத்திலேயே இந்தக் கிணறு இடம்பெற்றுவிட்டது. செஸ்டர் நகரத்து மடாலயத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. 1138இல் வினிஃப்ரெட்டின் எலும்புகளைக் குவிதெரினிலிருந்து ஷ்ரூஸ்பரி மடாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லிஸ் பீட்டர்ஸின் துப்பறியும் நாவல்களைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவருடைய துறவித் துப்பறிவாளர் கேட்ஃபெல் வரிசையின் முதல் நாவல் இந்தச் சம்பவத்தின்மேல் கட்டியதுதான். 1240இல் வேல்ஸ் இளவரசர் தாஃபித், கிணற்றைப் பக்கத்திலிருந்த பேசிங்வெர்க் மடாலயத்தாரிடம் ஒப்படைத்தார். அஜின்கோர்ட் போரில் வென்ற ஐந்தாம் ஹென்றி மறுவருடம், 1416இல், ஷ்ரூஸ்பரியிலிருந்து இங்கே கால்நடையாக வந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். இன்று நாம் பார்க்கும் மண்டபம் 1500ஐ ஒட்டி எழுந்தது. கட்டுவித்தவர் ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபோர்ட் என்று மரபாகச் சொல்வார்கள். மண்டபத்துக்கு மேலேயே ஒரு சிற்றாலயம். கீழே தண்ணீர், மேலே வழிபாடு.

கட்டிமுடித்து ஒரு தலைமுறை கடப்பதற்குள் காற்று திசைமாறியது. எட்டாம் ஹென்றி ரோமாபுரியோடு உறவை முறித்துக்கொண்டார். மடாலயங்கள் மூடப்பட்டன, திருத்தலங்கள் இடிக்கப்பட்டன. ஷ்ரூஸ்பரியில் வினிஃப்ரெட்டின் எலும்புகள் வைத்திருந்த இடமும் தப்பவில்லை. பின்வந்த ஆட்சிகளில் கத்தோலிக்கத் திருப்பலி நிறைவேற்றுவது குற்றமாயிற்று. குருக்களுக்கு மரண தண்டனை. ஆனால் ஹோலிவெல்லுக்கு வரும் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. எந்தச் சட்டத்தைப் போட்டு ஓர் ஊற்றைப் பூட்டுவது? அதிலும் வருகிறவன் நோயாளி. குளிக்க வந்தேன் என்கிறான். குளிப்பது குற்றமில்லையே.

அதிகாரிகள் செய்துபார்த்தவற்றில் ஒன்றைப் படித்தபோது எனக்கு மனம் கசந்துபோனது. கிணற்றைச் சுற்றி இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள், கால் தளர்ந்தவர்கள் பிடித்துக்கொள்வதற்கு. 1637இல் அவற்றைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. பிடுங்கினார்கள். புனிதையின் உருவத்துக்கு வெள்ளையடித்தார்கள். நம்பிக்கையை ஒடுக்க நினைத்தவர்கள் கைவைத்தது நடக்க முடியாதவர்களின் பிடிமானத்தில். ஆனால் கம்பங்கள் போன பிறகும் ஆட்கள் வந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு தோள் இருந்தால் போதுமே.

அந்தக் காலத்தில் ஹோலிவெல்லின் இரண்டு விடுதிகள்தாம் தலைமறைவு ஆலயங்களாக இயங்கின: ஸ்டார், கிராஸ் கீஸ். சேசு சபைக் குருக்கள் ஒன்றிலும் மறைமாவட்டக் குருக்கள் மற்றொன்றிலும், விடுதி நடத்துகிறவர்கள் என்ற பெயரில் தங்கிப் பணிசெய்தார்கள். வருகிற நோயாளிக்கு அறையும் கிடைக்கும், நற்கருணையும் கிடைக்கும்.

சேசு சபையின் ஜான் ஜெரார்டு தன் வரலாற்றில் இந்தக் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ஒளிந்து வாழ்ந்து, லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதைப்பட்டு, கயிற்றைப் பற்றித் தப்பியவர் அவர். 1593 நவம்பர் 3, வினிஃப்ரெட் திருநாள். வேல்ஸ் குளிரில் கால் மணி நேரம் அந்த நீரில் நின்றாராம்; ஈரச் சட்டைமேலேயே உடையை உடுத்திக்கொண்டாராம்; ஒரு தும்மல்கூட வரவில்லையாம். அவர் சொல்லும் இன்னொரு சேதி எட்வர்டு ஓல்டுகார்ன் என்ற தோழரைப் பற்றியது. ஓல்டுகார்னின் மேல்வாயில் புற்று. ஹோலிவெல்லுக்குப் புறப்பட்டவர் வழியில் ஒரு வீட்டில் தங்குகிறார். அந்த வீட்டுப் பெண்கள் கிணற்றிலிருந்து எடுத்துவந்த ஒரு கல்லைப் போற்றி வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு செபிக்கிறார், புண் ஆறிவிடுகிறது. குணமான பிறகும் பயணத்தை நிறுத்தவில்லை. கிணற்றுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். 1606இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். நோய்க்குத் தப்பியவர் அரசுக்குத் தப்பவில்லை.

1680களில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரும் அரசி மேரியும் குழந்தை வரம் கேட்டு வந்தார்கள். 1688இல் ஆண் குழந்தை பிறந்தது. கத்தோலிக்க வாரிசு வந்துவிட்டானே என்று எதிர்த்தரப்பு கொதித்தெழ, அதே ஆண்டு முடிவதற்குள் ஜேம்ஸ் நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று.

மன்னர்களை இத்தோடு விட்டுவிடுவோம். 18ஆம் நூற்றாண்டின் தாமஸ் பென்னன்ட் எனக்கு அவர்களைவிட முக்கியமானவர். அந்த வட்டாரத்துக்காரர், இயற்கை ஆய்வாளர், கண்ணால் கண்டதை எழுதுகிறவர். கிணற்றுக்கு மேலே கூரையில் என்னவெல்லாம் தொங்கின என்று குறித்துவைத்திருக்கிறார். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள், கக்கத்தில் கொடுத்து நடக்கும் கட்டைகள். அவற்றோடு நடக்கவே முடியாதவர்களைக் கிடத்திக் கொண்டுவந்த தூக்குப் பலகைகளும் இருந்தன.

ஊன்றுகோல் ஓர் ஆளின் கதையைச் சொல்லும். தூக்குப் பலகைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் வேண்டும். மழையிலும் சேற்றிலும் எத்தனை மலைச்சரிவு ஏறி இறங்கினார்களோ! போகும்போது நோயாளி தன் காலில் நடந்து போயிருக்கிறார், பலகையைக் கூரையில் மாட்டிவிட்டு. உடன் தூக்கிவந்த அந்த இருவரும் வெறுங்கையை வீசிக்கொண்டு கூடவே நடந்திருப்பார்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் குணமானவருக்குத்தான் பதிவாகும். தூக்கிவந்தவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

அதே ஊற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. இந்த நீர் எந்தக் குளிர்காலத்திலும் உறைவதில்லை என்று பேர் பெற்றது. சுரந்த வேகத்தில் ஓடையாகி, கிரீன்ஃபீல்டு பள்ளத்தாக்கு வழியே கடலுக்கு இறங்கியது. 1774இல் வந்த சாமுவேல் ஜான்சன், இரண்டு மைல் தூரத்துக்குள் இந்த ஓடை 19 ஆலைகளைச் சுழற்றுவதாகக் குறித்துக்கொண்டார். பெண்கள் குளிப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இடம் திறந்து கிடந்தது அவருக்கு உறுத்தியது, அதையும் எழுதினார். பஞ்சாலைகள், செப்புத் தகடு அடிக்கும் ஆலைகள், பித்தளைக் கம்பி இழுக்கும் ஆலைகள் என்று பள்ளத்தாக்கு நிறைந்தது. கப்பல்களின் அடிப்பாகத்தில் அறையும் செப்புத் தகடு இங்கிருந்து போனது. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த செம்பு, பித்தளைச் சாமான்களும் இங்கிருந்தே போயின. மேலே நோயாளி இறங்கிக் குளித்த அதே தண்ணீர்தான் கீழே அந்தச் சம்மட்டிகளையும் தூக்கி அடித்தது. பள்ளத்தாக்கின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1805இல் வினிஃப்ரெட் ஒயிட் என்ற இளம்பெண் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வந்தாள். பணிப்பெண். ஒரு பக்கம் செயலிழந்து, கட்டையூன்றி நடந்தவள். ஒருமுறை குளித்து எழுந்ததும் நடை திரும்பியது. ஜான் மில்னர் ஆயர் கேள்விப்பட்டதோடு நிற்காமல் சாட்சிகளை விசாரித்து, வாக்குமூலங்களைத் திரட்டி அதே ஆண்டு நூலாக வெளியிட்டார். நம்பிக்கையையும் விசாரித்துத்தான் ஏற்க வேண்டும் என்று நினைத்த அவருடைய பொறுப்பு எனக்குப் பிடிக்கிறது.

கதையின் பெரும் அதிர்ச்சி 1917இல் வருகிறது. ஹோலிவெல்லுக்குத் தெற்கே ஹால்கின் மலை. சுண்ணாம்புப் பாறைக்குள் ஈயமும் துத்தநாகமும். ஆழம் போகப் போகச் சுரங்கங்களில் வெள்ளம் நிறைந்தது. அதை வடிக்க 1897இல் பகில்ட் கடற்கரையிலிருந்து கடல் மட்டத்திலேயே ஒரு வடிகால் குகைவழியைக் குடையத் தொடங்கினார்கள். மில்வர் சுரங்கவழி என்று அதற்குப் பெயர். மலைமேல் பெய்த மழை பாறை இடுக்குகளில் இறங்கி, நிலத்தடிக் குகைகளில் சேர்ந்து, அங்கிருந்துதான் வினிஃப்ரெட் ஊற்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே ஒரு வழி வெட்டினால் என்ன ஆகும் என்று ஊரில் அச்சம் இல்லாமல் இல்லை. குடைந்துகொண்டே போனவர்கள் கடைசியில் நீர் நிறைந்த ஒரு குகையை உடைத்தார்கள். தண்ணீர் பள்ளம் கண்ட பக்கம் பாய்ந்தது. 1917 ஜனவரி 5ஆம் தேதி, மன்னர்களாலும் நீதிபதிகளாலும் நிறுத்த முடியாமல் ஆயிரத்து முந்நூறு வருடமாகச் சுரந்ததாக ஊர் நம்பிய ஊற்று நின்றுபோயிற்று.

ஊரார் கைகட்டி நிற்கவில்லை. நிலத்தடியின் வேறொரு நீர்வழியைத் தேடிப் பிடித்து, அதே ஆண்டில் தொட்டிக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பழைய வேகம் இல்லை, பழைய பொங்கலும் இல்லை. பள்ளத்தாக்கின் ஆலைகளைச் சுழற்றும் வலு இனி வரப்போவதில்லை. ஆனால் ஒருவர் இறங்கி மும்முறை கடக்கவும் குடத்தில் மொண்டு போகவும் போதுமான நீர் வந்துவிட்டது. அன்றுமுதல் அந்தத் தொட்டியில் நிற்பது, மனிதர்கள் தேடிக் கொண்டுவந்து சேர்த்த நீர். இதைக் கேள்விப்பட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், அப்படியானால் பழைய புனிதக் கிணறு இல்லையே என்று. நான் அப்படிப் பார்க்கவில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாக நோயாளிகளைத் தூக்கிவந்து கிணற்றில் விட்ட ஜனங்கள், கிணறே படுத்துவிட்டபோது அதையும் தூக்கி நிறுத்தினார்கள். அந்தத் தலத்தின் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் அதன் வரலாற்றில் வேறில்லை.

தொட்டியின் கற்களில் செந்நிறத் திட்டுகள் படிந்திருப்பதை அந்தக் காலத்துப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். வினிஃப்ரெட்டின் இரத்தம் என்றார்கள். அதை முகர்ந்தால் வயலட் பூ மணக்கும் என்றார்கள். கல்லில் படரும் ஒருவகைப் பாசிதான் அந்தச் சிவப்பு, அந்த மணமும் பாசியுடையதே என்று தாவரவியல் சொல்லிவிட்டது. சுவர்களில் கைக்கெட்டும் உயரத்தில் பெயர்களின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும் செதுக்கியிருக்கிறார்கள். கல்லை ஆணியால் கீறிப் பெயர் பொறிப்பது நல்ல பழக்கமில்லைதான். ஆனால் இங்கே வந்து வலி தீர்ந்து போகிற ஒருவர், தான் வந்ததற்கு ஓர் அடையாளம் விட்டுப்போக நினைத்ததில் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் நோயைத் தீர்க்குமா என்று என்னைக் கேட்பீர்கள். மருந்தை நிறுத்திவிட்டுத் தீர்த்தத்தை நம்புங்கள் என்று இந்தப் பத்திரிகை ஒருநாளும் சொல்லாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் புற்றுக்கும் மருத்துவர்தான் வழி. இந்த இதழின் மற்றப் பக்கங்கள் அதைத்தான் பேசுகின்றன. ஆனால் ஹோலிவெல்லுக்கு வந்து குணமாகாமல் திரும்பியவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள்தாம் அதிகம் பேராக இருந்திருப்பார்கள். பலகையிலேயே வந்து பலகையிலேயே திரும்பியவர்கள். அவர்களுக்கு அந்தப் பயணம் வீணா? தன் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பேர் தன்னைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள் என்ற நினைவோடு திரும்பியிருப்பார்கள். நோயில் கிடக்கும் மனிதரை மிகவும் வாட்டுவது தான் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம். அந்த எண்ணத்தை மாத்திரை ஆற்றாது. இன்னொரு மனிதர் முகம் சுளிக்காமல் சுமந்தால்தான் அது ஆறும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று ஹோலிவெல்லில் அந்தப் பழைய கட்டைகள் கூரையில் தொங்கவில்லை. தலத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கிணற்றைத் தேடி எல்லா மதத்தவரும், மதமே இல்லாதவர்களும் வருகிறார்கள். சீர்திருத்தக் காலத்திலும் முறியாமல் தொடர்ந்து யாத்திரை நடந்துவரும் தலம் பிரிட்டனில் இது ஒன்றே என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தத் தொடர்ச்சியில் பாதிக்குமேல் பங்கு, குளிக்க வந்தவர்களுக்கு அல்ல, கூட வந்தவர்களுக்கு.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், அடுக்ககத்தில், அலுவலகத்தில் மருத்துவமனைக்குத் தனியாகப் போய்வருகிறவர் யாராவது நிச்சயம் இருப்பார். டயாலிசிஸுக்குப் போகிற பெரியவராக இருக்கலாம், கீமோவுக்குப் போகிற அக்காவாக இருக்கலாம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தம்பதியாக இருக்கலாம். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். “வியாழக்கிழமை நான் கூட வரேன், எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்று கேளுங்கள்.

நீங்கள் நோயில் கிடந்தபோது உங்களைச் சுமந்தவர் யார் என்றும் எங்களுக்கு எழுதுங்கள். உறவினரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆட்டோ ஓட்டுநரோ, பெயர்கூடத் தெரியாத அடுத்த படுக்கைக்காரரின் மனைவியோ, யாராக இருந்தாலும் சரி. இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். கையெழுத்தில் இருந்தாலும் போதும். இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் கிடைப்பவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்